மைதானமா, ஊட்டு வளர்ப்பா, ஹாஸ்டலா: பசங்களை ஆளாக்கறது எது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு அப்பா கேட்டது, ஜூலை 19, 2025

பையன் ஒம்பதாவது. பி.டி. சார் குறுவட்டப் போட்டிக்கு 800 மீட்டர் ஓட எடுத்திருக்காரு, என்.சி.சி.லயும் பேர் குடுத்துட்டு வந்துட்டான். வெள்ளன அஞ்சு மணிக்கே எந்திரிச்சு கிரவுண்டுக்குப் போயிடறான், பொழுதோட வந்து புஸ்தகத்தைத் தெறந்து வெச்சுட்டே தூங்கிடறான். மச்சான் ஒருத்தரு "ஓடி என்ன மாப்ள கிழிக்கப் போறான், பதினொண்ணுக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டுடு, தானா ஆளாயிருவான்"ங்கறாரு. எனக்கென்னமோ பசங்களை ஆளாக்கறது ஊட்டு வளர்ப்பு தானுங்க, ஓட்டம் பரேடெல்லாம் சர்டிபிகேட்டுக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஜூலை 19, ராத்திரி (திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா எழுதின பதில், கீழ வர்றதும் அவங்களுது தான்)

ஓட உடுங்கண்ணா. இதுல யோசிக்க என்ன இருக்குது. இப்ப ஓடாம எப்ப ஓடுவான், நாப்பது வயசுல சுகர் வந்து டாக்டர் சொன்னப்பறம் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல கையை வீசிட்டு நடக்கறப்பவா?

ஜூலை 20

நேத்து தூக்கக் கலக்கத்துல சுருக்கமா போட்டுட்டுப் போயிட்டேன், அதுக்கு ஒருத்தரு "விளையாட்டு ஒழுக்கத்தைக் குடுக்கும்னு சொல்றீங்களா அக்கா"ன்னு கேட்டிருக்காரு. நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க. ஒழுக்கம் ஒழுக்கம்னு மைக்கைப் புடிச்சுப் பேசறவங்களை நெறையப் பாத்தாச்சு.

நான் தாராபுரம் பக்கம் அரசு பெண்கள் பள்ளிக்கூடத்துல கோ-கோ ஆடினவ. இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கறேன். கோ-கோ தெரியாதவங்களுக்கு: எட்டுப் பேரு வரிசையா உக்காந்திருப்போம், ஒருத்தி இந்தப் பக்கம் பாத்து, அடுத்தவ அந்தப் பக்கம் பாத்து. ஒம்போதாவது ஆளு எதிர் டீம்ல ஓடறவளைத் தொரத்துவா. அவ ஒரு பக்கம் கெளம்பிட்டா திரும்ப முடியாது, தூண் வரைக்கும் போய்த்தான் ஆகணும், நடுக்கோட்டையும் தாண்டக் கூடாது, ஆனா ஓடறவ உக்காந்திருக்கறவங்களுக்கு நடுவுல பூந்து பூந்து அந்தப்பக்கம் போயிருவா. அப்ப தொரத்தறவ நம்ம முதுகுக்குப் பின்னால வந்து ஒரு தட்டு தட்டி "கோ"ன்னு சத்தம் போடணும், நாம எந்திரிச்சுத் தொரத்த, அவ நம்ம எடத்துல உக்காருவா. தட்டு உழுகறதுக்கு முன்னாடி எந்திரிச்சா பவுல். உழுந்தப்பறம் ஒரு கண்ணிமை தாமதமாச்சுன்னா ஆள் போச்சு.

எங்க டீம்ல தொரத்தறதுல கெட்டிக்காரி ஒருத்தி இருந்தா. அவங்கம்மா எங்க தோட்டத்துக்கு வெங்காயம் அறுக்க வருவாங்க. எங்க ஊட்டுல அவங்களுக்குக் காப்பி தனி டம்ளர்ல, மாடு கட்டற கட்டுத்தாரைப் பக்கம் ஒரு கல்லு மேல கவுத்து வெச்சிருக்கும். அந்தம்மாவோட பொண்ணு கிரவுண்டுல என் முதுகுல உடற தட்டு இருக்குதே, அஞ்சு வெரலும் பதியும். நான் எந்திரிக்க லேட் பண்ணினா "தூங்கறயாடி மூதேவி"ன்னு எல்லாரு முன்னாலயும் கத்துவா. எங்கூர்ல என்னை அப்படி ஒருத்தரும் பேசினதில்லை, பேசவும் முடியாது. "யாரு ஊட்டுப் புள்ளை"ங்கற கேள்வி தான் எங்கூர்ல எல்லாத்துக்கும் முன்னாடி வரும், கடைல முட்டாய் வாங்கப் போனாலும் வரும், அதுக்குப் பதில் சொன்னப்பறம் தான் நமக்கு என்ன மரியாதைன்னு முடிவாகும். அந்தக் கோர்ட்டுக்குள்ள மட்டும் அந்தக் கேள்வி இல்லை. அங்க நான் மெதுவா எந்திரிக்கறவ, அவ வெசையா ஓடறவ, அவ்வளவு தான்.

ஊட்டு வளர்ப்பு பேரைக் குடுக்குதுங்கண்ணா. நல்ல பேரோ கெட்ட பேரோ, அது நம்முளுது இல்லை, அப்பா தாத்தாவுது. பையன் ஓடற எடத்துல அவனுக்குன்னு ஒண்ணு கெடைக்கும், நாலாவதா வந்தாக்கூட அது அவன் வாங்குன நாலாவது.

ஜூலை 20, மத்தியானம்

"மூதேவி"ங்கறது நல்ல வார்த்தையா, இதையா கத்துக்கணும்னு ஒரு பெரியவரு கேட்டிருக்காரு. ஐயா, அவ சொன்னதுல அது தான் இருக்கறதுலயே கம்மியான வார்த்தை.

ஜூலை 23

சேலத்துத் தம்பி ஒருத்தரு மாரியப்பன் தங்கவேலுவை இழுத்துட்டு வந்துட்டாரு. பெரியவடகம்பட்டில அஞ்சு வயசுல பஸ் ஏறிக் காலு போன பையன், அம்மா காய்கறி வித்து வளர்த்துனாங்க, 2016ல ரியோ பாராலிம்பிக்ஸ்ல உயரம் தாண்டறதுல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்பறம் டோக்கியோல வெள்ளி, 2024ல பாரிஸ்ல வெண்கலம், இதெல்லாம் வைராக்கியம், ஸ்கூலு கீலு ஒண்ணுமில்லைன்னு தம்பியோட கட்சி.

தம்பி, அதே பையனை உயரம் தாண்டுறதுல ஏத்தி உட்டது யாருன்னு பாருங்க, ஸ்கூல் பி.டி. வாத்தியாரு. கால் முடியாத பையனை "நீ நெழல்ல உக்காருடா கண்ணு"ன்னு பாசமாச் சொல்லி உக்கார வெச்சிருக்கலாம், நம்மூர்ல முக்காவாசிப் பேரு அதைத் தான் செய்வோம். வைராக்கியம் நெறையப் பசங்ககிட்ட இருக்குது, அதைப் பாக்கறதுக்கு ஒரு ஆளு விசிலைக் கட்டிட்டு கிரவுண்டுல நிக்கணும்ல.

அந்த ஆளு தான் இப்ப இல்லை. 2012ல அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியருங்களைப் போட்டாங்க, உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் சேத்து, சம்பளம் மாசம் 5,000 ரூபாய், வாரத்துல மூணு அரை நாளு. அதுல இருந்து அவங்க நிரந்தரம் கேட்டுப் போராடிட்டே இருக்காங்க. வாரத்துல மூணு அரை நாளு வர்ற ஆளு எந்தப் பையனோட ஓட்டத்தைக் கவனிப்பாரு? மீதி நாளு பி.டி. பீரியடுல கணக்கு டீச்சரு போர்ஷன் முடிப்பாங்க, அது உங்க காலத்துலயும் நடந்துச்சு என் காலத்துலயும் நடந்துச்சு.

ஜூலை 29

சாவி பத்தி எழுதணும்னு நெனைச்சுட்டே இருந்தேன்.

எங்க பி.டி. மிஸ்ஸு ஸ்டோர் ரூம் சாவியை என்கிட்டக் குடுத்தாங்க. நல்லா ஆடறவங்க வேற ஆளுங்க இருந்தாங்க, நான் சுமார் தான். ஏன் எனக்குக் குடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. குண்டு, வட்டு, வளையம், ஸ்கிப்பிங் கயிறு, சுண்ணாம்புப் பவுடர் மூட்டை, ஓரம் கிழிஞ்ச வாலிபால் நெட்டு, எல்லாம் ஒரு நோட்டுல எழுதியிருக்கும், காலைல எடுத்தா சாயந்திரம் எண்ணி வெச்சுக் கையெழுத்துப் போடணும். கோர்ட்டுக்குக் கோடு போடறதும் எங்க வேலை தான். ரெண்டு தூணுக்கும் கயிறு கட்டி இழுத்துப் புடிச்சுட்டு, சுண்ணாம்பைக் கைல எடுத்து வெரல் இடுக்குல ஒழுக உட்டுட்டே பின்னால நடக்கணும், காத்து அடிச்சா மூஞ்சியெல்லாம் வெள்ளை. நகக்கண்ணுல எரியும், ராத்திரி சோறு பெசையறப்ப தெரியும்.

ஊட்டுல எனக்குப் பீரோ சாவி எங்க இருக்குதுன்னு கூடத் தெரியாது. கல்யாணம் ஆகிப் போற புள்ளைக்கு எதுக்குன்னு இருந்திருப்பாங்க. தம்பிக்குத் தெரியும், அவன் என்னைவிட அஞ்சு வயசு சின்னவன்.

இன்னைக்கு நான் கம்பெனில ஸ்டாக் நோட்டு எழுதறப்ப எல்லாம் அந்த ஸ்டோர் ரூம் தான். ஆட்டத்துல கத்துக்கிட்டது எவ்வளவு, சாவில கத்துக்கிட்டது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தா சாவி பக்கம் தான் சாயும்னு இப்பத் தோணுது. ஆடறதுக்குத் தெறமை வேணும், சாவிக்கு யாராச்சும் நம்பினாப் போதும். ஸ்போர்ட்ஸ் டேல மார்ச்பாஸ்ட் நடத்தறவன், ரெட் ஹவுஸ் கேப்டன், தண்ணிக் குடத்தை நெரப்பி வெக்கற பையன், முதலுதவிப் பெட்டி தூக்கற ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) புள்ளை, இவங்களுக்கெல்லாம் கப்பு கெடையாது, ஆனா ஏதோ ஒண்ணு இவங்க பொறுப்புல இருக்குது.

ஆகஸ்ட் 2

கோபி அண்ணா, 800 மீட்டருக்கு இப்பவே ஸ்பைக்ஸ் வாங்காதீங்க. குறுவட்டம் மண்ணுத் தரைல தான் நடக்கும், சாதா கேன்வாஸ் போதும். பழைய ஷூவையே போட்டு ஓடச் சொல்லுங்க, புதுசு காலைக் கடிக்கும்.

ஆகஸ்ட் 9

நேத்து அறிவிச்சதைப் பாத்தீங்களா, இந்த வருஷத்துல இருந்து பதினொண்ணாவதுக்கு பொதுத்தேர்வு இல்லையாம். இதுல சந்தோஷப்படறதா பயப்படறதான்னு தெரியலை.

பின்கதை தெரியாதவங்களுக்கு. பதினொண்ணுக்குப் பொதுத்தேர்வு 2017-18ல தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம பெல்ட்டுல இருக்கற ரெசிடென்ஷியல் ஸ்கூலுங்க பல எடத்துல பதினொண்ணாவதுப் பாடத்தைத் தொடவே மாட்டாங்க, உள்ள போன நாள்ல இருந்தே பன்னண்டாவது தான், ரெண்டு வருஷம் அதையே மறுபடி மறுபடி ஓட்டுவாங்க. மாநில முதல் ரெண்டு மூணு ரேங்கு, பேப்பர்ல போட்டோ, அடுத்த வருஷ அட்மிஷன். 2017ல ரேங்கு பட்டியலை நிறுத்துனாங்க, அதே சமயத்துல பதினொண்ணுக்கும் பரிச்சை வெச்சாங்க. நாமக்கல்ல கோழிப்பண்ணையும் ஜாஸ்தி இந்த ஸ்கூலுங்களும் ஜாஸ்திங்கறதால பிராய்லர் ஸ்கூல்னு ஜனங்களே பேர் வெச்சாச்சு, நான் புதுசா ஒண்ணும் சொல்லலை.

பரிச்சை வந்தப்பறம் என்ன ஆச்சுன்னா, சாதா ஸ்கூல்லயும் பத்து, பதினொண்ணு, பன்னண்டு மூணு வருஷமும் வரிசையாப் பொதுத்தேர்வு. 19 வயசுக்குள்ள டீமுக்கு ஆள் சேக்க பி.டி. சாருங்க படற பாடு இருக்குதே. முன்னெல்லாம் பதினொண்ணாவது தான் மூச்சு உடற வருஷம், அரசு குடுக்கற சைக்கிள்ல ஏறி ஊர் ஊராப் போயி மேட்ச் ஆடுவோம். இனிமே அந்த வருஷம் திரும்பக் கெடைக்குமா, இல்ல பன்னண்டாவதுப் பாடம் மறுபடி முன்னால வந்து உக்காந்துக்குமா, மச்சானைக் கேளுங்க, அவருக்குத் தான் ஹாஸ்டல் நெலவரம் தெரியுமே.

ஆகஸ்ட் 10

ஹாஸ்டல்ல படிச்ச ஒரு பொண்ணு நேத்து நான் எழுதினதுக்குக் கோவமா எழுதியிருக்காங்க, அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. ஊட்டுல இருந்திருந்தா பத்தாவதோட கல்யாணம் பேசியிருப்பாங்களாம், ஹாஸ்டல் தான் காப்பாத்துச்சாம். இப்ப பெங்களூர்ல இருக்காங்க. அதை நான் மறுக்க மாட்டேன். பொம்பளைப் புள்ளைங்களுக்கு எந்தக் கதவு தெறக்குதோ அது கதவு.

ஆகஸ்ட் 16

என்.சி.சி. பத்தி எல்லாரும் கேக்கறீங்க, அதுல எந்தம்பி தான் இருந்தான், நான் இல்லை. 1948ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, ஒற்றுமையும் ஒழுக்கமும்னு போர்டு போட்டிருக்கும், ஆனா எந்தம்பியைக் கேட்டா சனிக்கெழமை பரேடு முடிஞ்சதும் குடுக்கற பூரி மசாலுக்குத் தான் சேந்தேம்பான். பூட்ஸுக்குப் பாலீஷ் போடறது, காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கறது, இதெல்லாம் ஊட்டுல அம்மா தான் செஞ்சாங்க. முதல் கேம்ப் போயிட்டு வந்தப்பறம் அவனே செஞ்சான், அங்க அம்மா இல்லையே. அந்த மாத்தம் உண்மை, நான் கண்ணால பாத்தது. மத்தபடி கேம்ப்ல அவன் கத்துக்கிட்டதுல பாதியை இங்க எழுத முடியாது.

நான் காலேஜ்ல என்.எஸ்.எஸ்., நாட்டு நலப்பணித் திட்டம். (அவசரநிலைக் காலத்துல வந்ததுன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்காரு, இல்லீங்க, 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு வருஷம்.) ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், அதுபோக ஏழு நாள் ஒரு கிராமத்துல தங்கிச் சிறப்பு முகாம். நாங்க காங்கேயம் பக்கம் ஒரு ஊருக்குப் போயி கோயில் முன்னாடி முள்ளு வெட்டினோம், சாக்கடை எடுத்தோம். கடைசி நாள் அந்த ஊரு ஆத்தா ஒருத்தங்க "சாக்கடை எடுத்ததெல்லாம் சரி கண்ணு, நாளைக்கு யாரு எடுப்பா"ன்னு கேட்டாங்க. எங்க சாருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. முகாமுல என் காதுல உருப்படியா உழுந்தது அந்த ஒரு கேள்வி தான்.

ஆகஸ்ட் 17

மாணவர் சங்கம், காலேஜ் எலக்சன் பத்தி ஒருத்தர் தூண்டில் போடறாரு. நம்ம பக்கம் இஞ்சினியரிங் காலேஜுங்கள்ல எலக்சனா? பஸ்ல பொண்ணுங்க ஒரு பக்கம் பசங்க ஒரு பக்கம் உக்காரச் சொல்ற எடத்துல ஓட்டுப் பெட்டி வெப்பாங்களா. காலேஜ் எலக்சன் எப்படி நடத்தணும்னு லிங்டோ கமிட்டி சொன்னதை 2006லயே சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்டு எலக்சன் நடத்தச் சொல்லியாச்சு, வேட்பாளருக்கு 75 சதவீதம் வருகை, செலவு 5,000 ரூபாய்க்குள்ளன்னு எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. எழுதினது எழுதினபடியே இருக்குது. இங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரியை ஹெச்.ஓ.டி. கையைக் காட்டித் தேர்ந்தெடுப்பாரு, அந்தப் பையன் சிம்போசியத்துக்கு பிரியாணி ஆர்டர் பண்ணுவான். அதுவும் சாவி தான், கொஞ்சம் சின்னச் சாவி.

எங்க பெரியப்பா பொள்ளாச்சிக்காரரு, காலேஜ்னு பேச்செடுத்தாலே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தப்ப அங்க நடந்த 1965 பிப்ரவரி 12 துப்பாக்கிச்சூடு தான் பேசுவாரு. "கூட்டத்துல நிக்காதே"ங்கறது அவரு பசங்களுக்குச் சொன்ன ஒரே புத்திமதி. ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் நிக்கறதில்லை, அப்பார்ட்மென்ட் மீட்டிங்குக்குக் கூடப் போறதில்லை.

ஆகஸ்ட் 24

"ஜூலை 20ல கிரவுண்டுக்குள்ள சாதி இல்லைன்னு படம் காட்டிட்டுப் போயிட்டீங்களே, வெளிய என்ன ஆச்சு"ன்னு ஒரு தம்பி சுருக்குனு கேட்டாரு. கேப்பாங்கன்னு தெரியும்.

மாவட்டப் போட்டிக்கு ஈரோடு வ.உ.சி. மைதானத்துக்குப் போனோம். மத்தியானம் மரத்தடில டிபன் பாக்ஸைத் தெறந்தோம். யாரும் யாரையும் தள்ளி உக்காருன்னு சொல்லலை. ஆனா வட்டம் தானாவே ரெண்டாப் போச்சு. காலைல ஒட்டுக்கா ஆடி ஜெயிச்ச அதே ஒம்போது பேரு. பி.டி. மிஸ்ஸு ஒண்ணும் பேசாம எல்லா டப்பாவையும் வாங்கி ஒரே பேப்பர் மேல கொட்டினாங்க, புளிசாதம், தயிர்சாதம், லெமன் எல்லாம் கலந்து ஒரு கோலத்துல. பசி, தின்னோம். அதோட எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், அடுத்த மேட்ச்சுக்கு ரெண்டு பேரு டிபன் கொண்டு வரலை, ஊட்டுல சொல்லியிருப்பாங்க.

அந்தக் கெட்டிக்காரி பத்தாவது முடிச்சதும் ஸ்பின்னிங் மில்லுக்குப் போயிட்டா. அப்ப சுமங்கலித் திட்டம்னு நம்ம பக்கம் பூராவும் புள்ளைங்களை எடுத்தாங்க, மில்லு ஹாஸ்டல்லயே தங்கி மூணு வருஷம் வேலை செஞ்சா கடைசில கல்யாணச் செலவுக்கு மொத்தமா ஒரு தொகை. வேன் வந்து நிக்கும், பொட்டியோட ஏறிடுவாங்க. மாவட்ட அளவுல ஆடினதுக்கு வாங்குன சர்டிபிகேட் அவகிட்ட இருந்துச்சு, என்கிட்டயும் இருந்துச்சு. என்னுது காலேஜ் அட்மிஷன்ல ஃபைலுக்குள்ள போச்சு. ஒரு இன்னிங்ஸ் நடக்கற ஒம்போது நிமிஷம் கிரவுண்டு எங்களைச் சமமா வெச்சுச்சு, வேன் வர்றப்ப கிரவுண்டு என்ன பண்ணும்?

அதுக்காக அந்த ஒம்போது நிமிஷம் பொய்யின்னு நான் ஒத்துக்க மாட்டேன். கட்டுத்தாரைக் கல்லு மேல இருந்த டம்ளரை நான் காலேஜ் லீவுல வந்து உள்ள எடுத்துட்டு வந்தேன், அம்மா ஒரு வாரம் பேசலை. முதுகுல அந்தத் தட்டு வாங்காம இருந்திருந்தா எனக்கு அந்த டம்ளர் கண்ணுல பட்டிருக்குமான்னே சந்தேகம்.

ஆகஸ்ட் 25

அரசு வேலைல விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்குதுங்க. ஆனா அதுக்காக ஓடச் சொல்லாதீங்க, அந்த லெவலுக்குப் போறவன் நீங்க சொல்லாமயே ஓடுவான்.

ஆகஸ்ட் 31

பெருந்துறை அக்கா வள்ளி கும்மியைச் சேத்துக்கச் சொல்றாங்க. சேக்கலாம். எங்க ஊருப் பக்கம் ராத்திரி கோயில் வாசல்ல டியூப்லைட் கட்டிப் பயிற்சி நடக்குது, ஆறு வயசுப் பொடுசுல இருந்து பாட்டி வரைக்கும் ஒரே அடவு, ஒரே கலர் சேலை. எம்பொண்ணு எட்டாவது, போனைக் கீழ வெக்காத புள்ளை, அதுக்குப் போறப்ப மட்டும் போனை என் கைல குடுத்துட்டுப் போறா. காலு தப்புச்சுன்னா பக்கத்துல ஆடறவங்க மேல இடிக்கும், அதனால கவனம் தானா வருது. அழகான ஆட்டம், அதுல எனக்கு மறுபேச்சில்லை.

ஆனா சில எடத்துல அரங்கேற்ற மேடைலயே எங்க சாதிக்குள்ள தான் கல்யாணம் பண்ணுவோம்னு புள்ளைங்ககிட்ட உறுதிமொழி வாங்குனாங்கன்னு வீடியோ சுத்துச்சே, அதைப் பாத்ததுல இருந்து எனக்கு வயித்தைக் கலக்குது. எட்டாவது படிக்கற புள்ளைக்கு எதுக்குங்க கல்யாண உறுதிமொழி? ஆளுங்களை ஒண்ணாச் சேத்து ஆட வெக்கறதுக்கு இருக்கற பலம் சாதாரணமில்லை, கோ-கோவுல எங்க பேரை மறக்க வெச்சதும் அது தான், இங்க பேரை இறுக்கிக் கட்டறதும் அது தான். சங்கம் சேந்தாலே புள்ளை ஆளாயிரும்னு நெனைக்கறவங்க, அந்தச் சங்கம் எதைச் சொல்லி உறுதிமொழி வாங்குதுன்னும் ஒரு தடவை நின்னு கேட்டுட்டு வாங்க. நான் போயி நின்னு கேட்டேன். எங்கூர்ல அப்படி ஒண்ணும் இல்லை, பாட்டோட முடிஞ்சுது. மாமியாருக்குத் தான் என் மேல வருத்தம், வேவு பாக்க வந்த மாதிரி நின்னயாமா.

செப்டம்பர் 6

கோபி அண்ணா எழுதிட்டாரு. பையன் குறுவட்டத்துல நாலாவது, மாவட்டத்துக்குப் போகலை, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இப்ப மறுபடி ஓடறானாம், மச்சான் "நாந்தான் சொன்னனே"ங்கறாராம்.

அண்ணா, நீங்க எழுதினதுல ஒண்ணு தான் எனக்குப் புடிச்சிருந்துச்சு: முதல் வளைவு முடிஞ்சு கோட்டைத் தாண்டினதும் எல்லாரும் உள்லேனுக்கு முண்டறப்ப இவன் வெளிய மாட்டிக்கிட்டான்னு அவனே உங்களுக்குப் படம் போட்டு வெளக்கினானாம். "மெதுவா ஓடிட்டேன்"னு சொல்லலை, "ஷூ சரியில்லை"ன்னும் சொல்லலை. ஒம்பதாவது படிக்கற பையன் தோத்த ரேஸை அப்பனுக்குப் பென்சில்ல வரைஞ்சு காட்டறான். மச்சானோட பையன் கடைசி மாடல் எக்ஸாம் பேப்பரை அவருகிட்டக் காட்டினானான்னு கேட்டுச் சொல்லுங்க.

ஹாஸ்டல் முடிவை இப்ப எடுக்காதீங்க. பத்தாவது முடியட்டும், பையனையே கேளுங்க. அவன் போறேன்னாலும் போகட்டும், கிரவுண்டு இருக்கற ஹாஸ்டலாப் பாருங்க. போட்டோவுல காட்டற கிரவுண்டை நம்பாதீங்க, சாயந்திரம் அஞ்சு மணிக்குப் போயி அதுல பசங்க நிக்கறாங்களா, ஸ்கூல் வேன் நிக்குதான்னு பாத்துட்டு வாங்க.

செப்டம்பர் 14

எம்பொண்ணு ஸ்கூல்ல கோ-கோவுல சேந்துட்டா, நான் ஒரு வார்த்தை சொல்லலை, சத்தியமா. இந்த ஜனவரில டெல்லில நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பைல நம்ம பொண்ணுங்க நேபாளத்தை 78-40ன்னு அடிச்சாங்கல்ல, அதை ரீல்ஸ்ல பாத்திருக்கா. அவங்க ஆடறது மேட் விரிச்ச தரைல. இவ ஆடறது சரளைக் கல்லுல, தூணைப் புடிச்சு டைவ் அடிக்கறேன்னு ரெண்டு முட்டியும் உரிச்சுட்டு வந்து நிக்கறா. மாமியாரு மஞ்சளை அரைச்சுட்டே என்னைத் திட்டிட்டு இருக்காங்க. திருப்பூர்லயோ ஈரோட்டுலயோ முட்டிக்குப் போடற நல்ல பேட் எந்தக் கடைல கெடைக்கும், தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆன்லைன்ல வாங்குனது ஒரு வாரத்துல கிழிஞ்சு போச்சு.